பிளாஸ்ரிக்குள் போன கல்லூரி

யாழ்ப்பாணத்தில் எல்லாருடைய அப்பப்பாவும் வகுப்பில் முதலாம் பிள்ளை. இரண்டாம் பிள்ளையாக வந்தவர்களின் வம்சம் எப்படி அடியோடு இல்லாமற் போனது என்று வரலாற்றுத்துறைக்காரர் யாராவது ஆராய வேண்டும். என் அப்பப்பாவும் முதலாம் பிள்ளைதான். அதுவும் பட்டணத்தில் பாதிரிமார் நடத்திய கல்லூரியில், அளவெட்டியிலிருந்து நடந்தே போய்ப் படித்தவர். பெருமைக்கு ஆதாரம் கேட்கும் கெட்ட பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. நான் வங்கியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி, வாசகர்களைத் துக்கத்தில் ஆழ்த்திக்கொண்டிருந்தேன். பொழுது போகாத ஒரு நாளில்தான் அப்பப்பாவின் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது.

அப்படித்தான் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு கன்னியர் மடத்தின் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ‘ஆவணக் காப்பகம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இரும்பு அலுமாரிகள், ஒரு நீளமான மேசை, சுற்றும்போது செபமாலை சொல்வதுபோல் முணுமுணுக்கும் ஒரு மின்விசிறி, அதைவிட வயது கூடிய ஒரு சிஸ்ரர்.

அந்தக் காலத்தில் பாதிரிமாரின் கல்லூரிகளும் கன்னியர் பள்ளிகளும் ஆண்டுதோறும் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டன. கற்றலொக் என்பார்கள். யார் யார் படிப்பிக்கிறார்கள், என்னென்ன பாடம், விடுதிக்கு வரும் பிள்ளை பாயும் தலையணையும் பூட்டுள்ள பெட்டியும் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் வகுப்புவாரியாக மாணவர்களின் பெயரும் ஊரும். ஒரேயொரு குறை, முதலாம் பிள்ளை யார் என்று போடமாட்டார்கள். எல்லாரையும் அகரவரிசையில் நிறுத்திவிட்டார்கள். இத்தனை காலம் எங்களோடு இருந்தும் வெள்ளைக்காரருக்கு எங்கள் மனம் விளங்கவில்லை.

சிஸ்ரர் கொஞ்ச நேரத்தில் அப்பப்பாவைத் தேடி எடுத்துத் தந்தார். அவருடைய ஊரை ஆங்கில எழுத்தில் கொலை செய்திருந்தார்கள். மற்றபடி சுகமாக இருந்தார். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, எல்லாரையும்போல நானும் நழுவப் பார்த்தேன்.

“தம்பி, போகமுதல் உந்தப் பெட்டியை ஒருக்கா இறக்கித் தந்திட்டுப் போமன்.”

இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கதிரை தந்தார், தேநீர் தந்தார், முதுகு விடும் வரைக்கும் சும்மா இருக்காமல் தூசு தட்ட ஒரு கட்டுப் புத்தகமும் தந்தார். வருடங்கள் போயின. முதுகு விட்டுவிட்டது. சிஸ்ரர் விடவில்லை.

எனக்கு முன்பே இப்படிப் பிடிபட்டிருந்தவர் மாஸ்ரர். அதே பாதிரிமாரின் கல்லூரியில் படித்து, அங்கேயே கணிதம் படிப்பித்து, உதவி அதிபராக ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, மேரி மாதா படத்தின் கீழ் உட்கார்ந்து, கட்டுகளுக்குள் புது வேப்பிலை வைப்பார். மதநல்லிணக்கத்துக்கு நகரத்தில் எத்தனையோ கூட்டம் நடக்கும். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே பேசத் தெரிந்தவர்கள்தான் வேண்டும், தூசு தட்டத் தெரிந்தவர்கள் அல்ல.

வருகிறவர்கள் அநேகமாக வெளிநாட்டில் குடியேறிய எங்கள் சனம். தங்கள் அப்பப்பாவைக் கண்டதும் படம் எடுப்பார்கள். புத்தகத்தை மூடாமலே போவார்கள். ஒருமுறை ஒரு கலியாணப் புரோக்கர் வந்து, மாப்பிள்ளையின் பூட்டன் உண்மையாகவே படித்தவரா என்று பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை படித்தவரா என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கற்றலொக்குகளை, போரில் ஊரே எழும்பி நடந்த இடப்பெயர்வின்போது காப்பாற்றியது சிஸ்ரர்தான். உள்ளே பொலித்தீன் போட்ட உரப்பைகளில் கட்டி, உழவு இயந்திரம் ஒன்றில் ஏற்றிவிட்டார். ஆகப் பழையதை மட்டும் யாரையும் நம்பாமல் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தார். மழை பெய்தது. உரப்பைக்குள் போனவை ஈரம் படாமல் வந்து சேர்ந்தன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது நனைந்து, நூல் விட்டு, தாள் தாளாகக் கழன்றது. அதைச் சிஸ்ரர் மேசையின் இழுப்பு லாச்சி ஒன்றில் தனியாக வைத்திருந்தார். மற்றக் கட்டுகளை நாங்கள் தொடலாம். அந்த லாச்சியைத் தொட்டால் சிஸ்ரர் இருமுவார்.

இப்படியாக நாங்களும் கறையானும் ஒருவருக்கொருவர் பயந்து வாழ்ந்துகொண்டிருக்கையில், கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அங்கே குளிரூட்டிய அறையொன்று கட்டியிருக்கிறார்களாம். ஆவணப் பாதுகாப்புப் படித்த ஒரு பாதர் வந்து பார்ப்பாராம். எங்கள் கற்றலொக்குகள் யாழ்ப்பாணத்தில் இருக்கலாமா, கொழும்புக்குப் போக வேண்டுமா என்பதை அவரே தீர்மானிப்பாராம்.

“ஏசியிலை வைக்கிறதுக்கு உதென்ன ஐஸ்கிறீமே?” என்றார் மாஸ்ரர்.

சிஸ்ரர் சிரிக்கவில்லை. “அங்கை போனா ஆர் பாக்கப்போகினம்? இஞ்சை எண்டா ஆரும் வந்து தொட்டுப் பாக்கினம், தம்பி. நல்லாப் பாதுகாத்து வைச்சிருக்கிறம் எண்டு பாதருக்குத் தெரிஞ்சாக் காணும். விட்டிட்டுப் போயிடுவார்.”

அன்றிலிருந்து நாங்கள் பாதுகாத்த பாதுகாப்பைச் சொல்லி முடியாது. அலுமாரிக்குப் பூச்சு அடித்தோம். வேப்பிலையை மாற்றினோம். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டோம், அது முணுமுணுப்பை விட்டு அலறத் தொடங்கியது. பாதர் வருவதற்கு முதல் நாள் சிஸ்ரரைக் காணவில்லை. பிறகு துணிப்பையோடு வெயிலுக்குள்ளால் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு அலுவல்” என்றார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

பாதர் இளைஞர். வெள்ளைக் கையுறையோடும், காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவியோடும் வந்தார். கருவியை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்தார். கட்டுகளை அவிழ்த்தார், தாளைத் தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். மாஸ்ரர் சோதனை மண்டப மேற்பார்வையாளர்போல அவர் பின்னால் நடந்தார்.

“நல்லா வச்சிருக்கீங்க சிஸ்டர். இந்த உப்புக் காத்துல இவ்வளவு சுத்தமா இருக்கும்னு நான் நினைக்கல.”

மாஸ்ரர் என் விலாவில் இடித்தார். “வெண்டிட்டம் ஐசே.”

அந்த இடத்தில் பாதருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். சிஸ்ரரோ, “இன்னும் ஒண்டு இருக்குப் பாதர்” என்று லாச்சியைத் திறந்தார்.

ஆகப் பழைய கற்றலொக் வெளியே வந்தது. ஒவ்வொரு தாளும் தனித்தனியாக லமினேற் செய்யப்பட்டு, மொத்தமும் கறுப்புச் சுருள் கம்பியால் கட்டப்பட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. முன்பக்க மூலையில், போட்டோக்கொப்பி எடுக்கும் கொமினிகேசன் கடையின் சின்ன ஸ்ரிக்கர்.

பாதர் கிட்ட வந்து பார்த்தார். மெதுவாகக் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிளாஸ்ரிக்கைத் தொடுவதற்குக் கையுறை எதற்கு?

“யார் செஞ்சது சிஸ்டர்?”

“நான்தான். முந்தி நனைஞ்சு போச்சு, பாதர். இனி மழையிக்கை விட்டாலும் ஒண்டும் செய்யாது.”

“சூட்டுல ஒட்டினத பிரிக்க ஏலாது சிஸ்டர். தாள் உள்ளுக்குள்ளேயே பழுத்து, நொறுங்கி, தூளாப் போகும். வெளிய இருந்து பார்த்துக்கிட்டு இருக்கலாம். அவ்வளவுதான்.”

“பென்சன் எடுத்த எங்களை மாதிரித்தான் ஐசே” என்று மாஸ்ரர் என் காதுக்குள் சொன்னார். பிறகு தானே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பாதர் படித்த இடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு கடுதாசியின் மேல் அன்பு வந்தால் அதை லமினேற் செய்வோம். பிறப்புச் சான்றிதழ், சோதனை முடிவு, காணி உறுதி, பிள்ளை முதன்முதல் கீறிய வாழைமரப் படம், எல்லாம். என் மனைவி சோறு அவிக்கும் மின்பானையின் உத்தரவாத அட்டையை லமினேற் செய்து வைத்திருக்கிறாள். பானை செத்துக் கன காலம். அட்டை இளமையோடு இருக்கிறது. லமினேற் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது என்று அரசாங்கக் கந்தோர்களில் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் பேசாமல் வேறு பிரதி எடுத்து, வருகிற வழியில் அதையும் லமினேற் செய்துகொண்டு வருவோம். இது மூடத்தனம் என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரை வந்த பத்திரிகைத் துண்டு, லமினேற் செய்யப்பட்டு, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஆனால் ஆவணப் பையைச் சுமந்துகொண்டு மழைக்குள் நடந்தவர்களுக்கு, போய்ச் சேர்ந்த இடத்தில் பையைத் திறந்து பார்த்த நிமிடம் ஞாபகம் இருக்கும். பொலித்தீனுக்குள் இருந்தது கடுதாசியாக இருந்தது. மற்றதெல்லாம் கூழாக இருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு வேதியியல் படிப்பிக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

இதைப் பாதருக்கு எடுத்துச் சொல்ல முயன்றேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிஸ்ரரிடம் தன் தீர்ப்பைச் சொன்னார்.

“உங்க அன்பு எனக்கு விளங்குது. அதனாலதான் பயமா இருக்கு. மத்த எல்லாத்துக்கும் அடுத்த கிழமை வேன் அனுப்புறேன். இது மட்டும் இங்கேயே இருக்கட்டும். லமினேட் பண்ணினத நாங்க எடுக்கிறதில்ல.”

அவர் போன பிறகு சிஸ்ரர் நெடுநேரம் அந்தச் சுருள் கம்பியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். மாஸ்ரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு காகம் இருந்தது. அதுவும் வேறு பக்கம் பார்த்தது.

“தம்பி” என்றார் சிஸ்ரர். “லமினேற் செய்ததை எடுக்கமாட்டினமாம், என்ன?”

“ஓம் சிஸ்ரர்.”

“அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறவங்களோ?”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவருடைய கண்கள் அலுமாரிகளின் பக்கம் போன பிறகுதான் விளங்கியது.

“உம்மடை மோட்டார் சைக்கிள்லை எத்தினை கட்டு ஏத்தலாம்?”

செபமும் தபமுமாக இருக்கும் ஒரு பெண், பூசை நாளில், ஒரு காப்பகம் முழுவதையும் சூட்டு யந்திரத்துக்குள் அனுப்பத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கெட்டுப்போகும் என்று இப்போது அவருக்கும் தெரியும். கெட்டாலும் கண்ணுக்கு முன்னால் கெடும். என் அப்பப்பாவும் அந்த வரிசையில் நின்றார். அவரைப் பிளாஸ்ரிக்குள் போட்டால் பிறகு நிரந்தரமாக என் பக்கத்திலேயே இருப்பார். அந்த யோசனை ஒரு கணம் எனக்கும் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“கடைக்காரன்ரை மெஷின் எரிஞ்சு போச்சாம் சிஸ்ரர்” என்றேன்.

அதே நேரத்தில் மாஸ்ரர், “கடை பூட்டு சிஸ்ரர். அவன்ரை பெரியப்பா மோசம் போயிட்டாராம்” என்றார்.

வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் பொய்களைப் பிடித்த மனிதர். தன் சொந்தப் பொய்யைச் சொல்ல இந்த நேரத்தைத்தானா தெரிந்தெடுக்க வேண்டும்?

சிஸ்ரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெஷினும் எரிஞ்சு, பெரியப்பாவும் செத்து... பாவம் அந்தப் பெடியன். ஒரு நாளிலை எவ்வளவைத் தாங்கிறது” என்றார். எழுந்து போய் வெள்ளைத் துணி நாடாவை எடுத்து வந்தார். “சரி. கட்டுங்கோ ரெண்டு பேரும். இறுக்கிக் கட்டாதேங்கோ. தாள் நோகும்.”

கட்டினோம். மறு கிழமை வேன் வந்தது. எங்கள் குடும்பத்திலிருந்து கொழும்புக்குப் போய்க் குளிரூட்டிய அறையில் குடியேறிய முதல் ஆள் என் அப்பப்பாதான். இனி அவரைப் பார்ப்பதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமாம். ஊரில் பெரிய மனிதர்களைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பின்னறையின் வாசலில் எழுத்து இன்னும் இருக்கிறது. உள்ளே வெறும் அலுமாரிகளும் ஒரேயொரு கற்றலொக்கும் நாங்கள் மூவரும். போன மாதம் கனடாவிலிருந்து ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்தார். தன் பூட்டனைத் தேடுகிறாராம், வகுப்பில் முதலாம் பிள்ளையாம். மற்ற ஆண்டுகளெல்லாம் கொழும்பில் என்று சொன்னோம். இருந்த ஒன்றைக் கொடுத்தோம். ஆச்சரியமாக அதற்குள்ளேயே பூட்டன் இருந்தார். சந்தோசத்தில் அந்த மனிதர் கையை வீச, மாஸ்ரரின் தேநீர் முழுவதும் பூட்டனின் மேல் கொட்டியது.

மனைவி கத்தினார். மாஸ்ரர் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். சிஸ்ரர் மட்டும் அவசரப்படவில்லை. மேசைத் துணியை எடுத்து, குழந்தையின் வாய் துடைப்பதுபோல ஒரு துடை துடைத்தார். பூட்டன் பெயரோடும் ஊரோடும் பளபளவென்று இருந்தார். ஓரத்தில் தாள் முன்னையைவிடக் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. பாதர் சொன்னது தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சிஸ்ரருக்கும் தெரிந்திருக்கும். விரலால் அந்த ஓரத்தை மறைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கொழும்பிலை உது ஏலுமோ, தம்பி?”