பாதி மீசையோடு கேட்ட முடிவு

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, சவரக் கத்தியைப் பிடித்த பிறகு பேச வேண்டிய தேவையும் குறைந்துபோனது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள்.

நைனார்பாளையத்தில் ஒரு தெருமுனையில் என் கடை. எதிரே டீக்கடை. இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட காலம் அது. கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவர் அந்த மறியலில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போய் வந்தார். கரும்பும் மரவள்ளியும் வைத்திருந்த விவசாயி. அவருடைய மீசையை நான்தான் ஒதுக்கிவிடுவேன். நுனி இரண்டும் கன்னத்தைத் தொட்டு மேலே ஏறும். ஜெயிலில்கூட அதை எடுக்க விடவில்லை என்று சொல்லிக்கொள்வார்.

அப்போது சட்டசபைத் தேர்தல் வந்தது. ஒதுக்கீடு கிடைக்காமல் ஓட்டுப் போடுவதில்லை என்று தெருவில் முடிவு செய்தார்கள். மீசைக்காரர் ஒவ்வொரு வீடாகப் போய் ஆண்களிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். அதை என் கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னபோது டீக்கடைக்காரர் சிரித்தார்.

“ஒண்ணுகூடவா வுழாது? போ மாமா. யாராச்சும் ஒருத்தன் பின்பக்கமா போய்க் குத்திட்டு வந்துடுவான்.”

“எங்க தெருவுல ஒரு ஓட்டு வுழுந்தா, பட்டப்பகல்ல இதே சேர்ல குந்தி மீசைய எடுத்துக்கறேன்டா.”

“முழுசா எடுத்தா திருப்பதிக்கு வேண்டுதல்னு சொல்லிகினு திரிவ. பாதி எடுக்கணும்.”

“பாதியே எடுக்கறேன்.”

ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்து அவரும் பத்துப் பதினைந்து பேரும் தெருமுனையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி கட்டிய எவனும் அவர்களைத் தாண்டிப் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு அவருடைய சம்சாரம் இடுப்பில் கூடையோடு வந்தார். கடைக்குப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது கூடையில் கத்தரிக்காய் இருந்தது. இடது கை விரலில் மை இருந்தது. அந்த அம்மா அதை மறைக்கவில்லை. பெஞ்சுக்கு முன்னால் வந்து கூடையை இறக்கிவைத்தார்.

“இன்னா இது?” என்று மீசைக்காரர் எழுந்தார்.

“ஓட்டு போட்டேன்.”

“தெருவே சத்தியம் பண்ணியிருக்குது. தெரியாதா உனக்கு?”

“ஆம்பளைங்ககிட்டதான வாங்கின. என்கிட்ட யாரு வந்து கேட்டா?”

அத்தனை வீட்டுக்கும் போயும், பெண்களுக்கும் ஓட்டு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

“வேலையில பங்கு கேட்டு ஜெயிலுக்குப் போன. நான் வேணான்னு சொன்னனா? நீ இல்லாதப்ப கரும்புக்குத் தண்ணி கட்டினது நான்தான். இல்லாத பங்குக்கு அவ்ளோ பாடு படுற. கையில இருக்கற பங்க ஏன் வுடணும்னு எனக்குப் புரியல.”

அவர் கை ஓங்கிவிடுவார் என்று பயந்தேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடக்கும். பக்கத்தில் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள் போலும், இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். நேராக என் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீக்கடைக்காரர் ஓடிவந்தார். “வுடு மாமா, தமாசுக்குப் பேசினது.”

“நான் தமாசுக்குப் பேசல. எடுறா.”

கத்தியைத் தீட்டினேன். “எந்தப் பக்கம்ங்க?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம் எடுத்தாலும் அசிங்கம்தான். எடு.”

வலது பக்கம் எடுத்தேன். அவர் கண்ணை மூடவில்லை. கடைசிவரை கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை, துண்டால் வாயை மூடவும் இல்லை. வழக்கம்போல டீ குடிக்க வந்தார். மலை ஊர்களிலிருந்து ஓட்டுப் பெட்டிகளைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்தார்கள், கள்ளக்குறிச்சியில் எண்ணப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதெல்லாம் காது கொடுத்துக் கேட்டார். முடிவு சொல்கிற அன்று எனக்கு முன்பே வந்து, டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சம்சாரமும் கீரைக்கட்டோடு வாசலில் நின்றார்.

“எந்தச் சின்னத்துல குத்தினன்னு மட்டும் சொல்லு” என்றார் அவர்.

“அத வெளிய சொல்லக்கூடாது.”

ரேடியோ எங்கள் தொகுதியைச் சொன்னது. ஜெயித்தவர் யார் என்பதை விட்டுவிட்டு அவர் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா கீரையில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் ஜெயித்த கட்சிக்காரர்கள் வெடி வெடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருமுனையில் நின்று ஒருவன் கத்தினான்.

“இன்னா பெருசு, உங்க தெருவுல ஓட்டே வுழாதுன்னியாமே? மிச்ச மீசை எங்க?”

கூட்டம் சிரித்தது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு வுழுந்துச்சுடா” என்றார். “எங்க வூட்டு ஓட்டு.”

சொன்ன விதத்தில் அவமானம் துளிகூட இல்லை. கூட்டத்துக்கு அதற்குமேல் கிண்டல் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. மேளத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள், மீதியையும் எடுத்துவிட்டால் சேர்ந்து வளருமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். வலது பக்கம் வளர்ந்து இடது பக்கத்துக்குச் சமமாகிற வரைக்கும், ஒவ்வொரு வாரமும் வந்து மிச்சமிருந்த இடது பாதியை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போனார்.