மூச்சு விடாமல் ஒப்பித்த விழுப்புரம்

நான் எழுதப் பழகியவள் அல்ல. விழுப்புரத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன்; அதோடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டாலே பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன், அவர் சொல்லிவிட மாட்டாரா என்று. அப்படிப்பட்டவள் பிரான்சு வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லப் போய் அவமானப்பட்டதைக் கையாலாவது சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. பூலான்ஜெரி என்பார்கள். காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். முன்னால் நிற்கும் பெரியவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி, "எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். யோசிப்பார். கடைக்காரப் பெண் சிரித்த முகமாகக் காத்திருப்பாள். பின்னால் இருக்கும் ஒருவரும் உச்சுக் கொட்டுவதில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு கடையில் இப்படி நின்றால், "ஜல்தி சொல்லும்மா, பின்னால ஆளு நிக்கிது பாரு" என்று குரல் வந்துவிடும். இங்கே வந்து ஆறு வருடமாகியும் எனக்கு அந்த நிதானம் வரவில்லை. வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டியதைப் பாடம் பண்ணிக்கொண்டு, முறை வந்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவேன். "பார்தோன்?" என்பாள் அந்தப் பெண், என்ன சொன்னீர்கள் என்று. உடனே முதல் வார்த்தையிலிருந்து மறுபடி கொட்டுவேன்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக இங்கே பிரெஞ்சு மொழி வகுப்பு நடக்கிறது. அதில் தேறினால்தான் வேலை கேட்டுப் போக முடியும். என்னோடு படிக்கும் இன்னொரு தமிழ்ப் பெண் ஸ்டெல்லா, திண்டிவனத்துக்காரி. என்னைவிடச் சின்னவள், வாயாடி. ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. அவள் கணவருக்கு முதுகில் அடிபட்டு அவர் வேலைக்குப் போவது நின்றிருந்தது. பேச்சுத் தேர்வில் தேறிய சான்றிதழைக் கொண்டுவா, மறுநாளே சேர்ந்துகொள் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேர்வுக்குப் பெயர் எக்ஸ்போசே. வகுப்பின் முன்னால் எழுந்து நின்று ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பேசலாம், ஆளுக்குப் பாதி நேரம் என்றார் எங்கள் ஆசிரியை மதாம் கிளேர். "எங்கள் ஊர்கள்: விழுப்புரமும் திண்டிவனமும்" என்று தலைப்பை ஸ்டெல்லாதான் எழுதிக் கொடுத்தாள். ஊர் வரிசைப்படி நான் முதலில்.

பயத்தை அடக்குவதற்கு மதாம் கிளேர் நிறையச் சொல்லிக்கொடுத்தார். பேசும் முன் மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். ஒரு நல்ல முகத்தைத் தேர்ந்தெடுத்து அதைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு வாக்கியம் முடிந்ததும் வாயை மூட வேண்டும்; அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், கேட்பவருக்கு அது ஓய்வு என்றார். எல்லாம் புரிந்தது. ஒத்திகையின்போது எழுந்து போய், வாத்தியார் முன் நிற்கிற பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தேன். மதாம் கிளேர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஹீட்டரைக் கூட்டி வைத்தார். "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டார். எனக்குக் குளிர்கிறது என்று நினைத்துவிட்டார். கையைக் கட்டுவது மரியாதை என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. "மெர்சி, மதாம்" என்றேன். வகுப்பு முழுக்க வேர்த்துக் கொட்டியது.

அன்று பஸ்ஸில் ஸ்டெல்லா கிண்டல் செய்தாள்.

"இன்னாக்கா இது, நீ பாட்டுக்கு எக்ஸ்பிரஸ் வண்டி கணக்கா போய்க்கினே இருக்க? திண்டிவனத்துல நிக்குமா, நிக்காதா?"

"நிறுத்துனா மறந்துடும்டி."

"மறந்தா இன்னா? தண்ணி குடி. மேல பாரு. இந்த ஊர்ல அதுக்குப் பேரு யோசனை."

அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. நான் படித்த பள்ளியில் ஆங்கிலக் கட்டுரையை ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். டீச்சர் மேசை முன்னால் வரிசையாக நிற்போம். ஒப்பிக்கும்போது நடுவில் நின்றால் மறந்துவிட்டது என்று அர்த்தம். "போ, மொதல்ல இருந்து சொல்லு" என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். வளவனூர் பக்கம் போகிற பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அழுவார்கள். ஆகையால் அர்த்தத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, வேகம்தான் முக்கியம். ஒரு நாள் நான் முழுக் கட்டுரையையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தபோது, "மூச்சு வுடாம சொன்னா பாரு, இவளப் பாத்துக் கத்துக்குங்க" என்றார் டீச்சர். படிப்பில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

தேர்வு நாளன்று நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வந்து மதாம் கிளேர் பக்கத்தில் உட்கார்ந்தார். மதிப்பெண் போடுவது அவர்தான். மூச்சை வெளியே விட்டேன். கடைசி வரிசையில் இருந்த மாலி நாட்டுக்காரர் ஒருவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். கைகளைத் தொங்கவிட்டேன். விழுப்புரம் ஒரு பெரிய ரயில் சந்திப்பு, சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகிறது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் லாரியில் வரும் என்று மெதுவாகவே ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம் முடிந்ததும், சொன்னபடி வாயை மூடினேன். அந்த நேரம் பார்த்து நகராட்சி அம்மாள் அன்பாக, "கரும்பை நீங்கள் அப்படியே கடித்துச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்றவர் கேள்வி கேட்பது மரியாதை. என் தலைக்குள் இருந்த வரிசை அறுந்துவிட்டது. "வுய், மதாம்" என்றேன். அடுத்த வரி வரவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "வணக்கம், என் ஊர் விழுப்புரம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"தூஸ்மான், மதாம்," என்றார் கிளேர். மெதுவாக என்று அர்த்தம். அது என் காதில் டீச்சரின் குரலாக விழுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இன்னும் வேகமாக. என் கைகள் எப்போது கட்டிக்கொண்டன என்று எனக்கே தெரியாது. "அக்கா, வுட்டுட்டு அடுத்ததுக்குப் போக்கா," என்று ஸ்டெல்லா பக்கத்தில் முணுமுணுத்தாள். அதுவும் ஒரு தடங்கல். திரும்பவும் "வணக்கம்" என்றபோது யாரோ சிரித்தார்கள். மாலி நாட்டுக்காரர் எனக்குத் தைரியம் கொடுக்கக் கை தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒரு சொல் தவறவில்லை. கண்ணைத் திறந்தபோது நகராட்சி அம்மாள் கடிகாரத்தைக் காட்டினார். இருவருக்கும் கொடுத்த நேரம் முடிந்திருந்தது. அடுத்த ஜோடியை அழைத்தார்கள். தன் பங்குக்குக் காட்ட ஸ்டெல்லா கொண்டுவந்திருந்த பொம்மையார்பாளையம் கடற்கரைப் படமும் பெருமுக்கல் மலைப் படமும் அவள் கையிலேயே இருந்தன. வாயைத் திறக்காமலேயே அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் மதாம் கிளேர் அந்த அம்மாளிடம் கெஞ்சிப் பேசி, மறுநாள் காலை வேறு வகுப்போடு எங்களை மறுபடி கேட்பதற்குச் சம்மதம் வாங்கினார். "நீங்களும் வாருங்கள், பாடம் பண்ணாமல் வாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். பஸ்ஸில் ஸ்டெல்லா அந்தப் படங்களைப் பைக்குள் திணித்தாள்.

"எங்க வூட்டுக்காரு காலையிலருந்து போனு பண்ணிக்கினே இருக்காரு," என்றாள். "இன்னாக்கா சொல்றது அவருகிட்ட?"

"என்னாலதான்னு சொல்லு."

"அதச் சொல்லி இன்னா பண்றது? நாளைக்கி வா. நீ பேச வேணாம், சும்மா பக்கத்துல நின்னா போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வளவனூரிலிருந்து என் தங்கை சுமதி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். அவள் பின்னால் அவள் மாமியாரும், பூ வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களும்.

"பரீச்ச எழுதிட்டியாக்கா?"

"பேசற பரீச்சை. பேசிட்டேன்."

"எங்க, எங்களுக்கும் பேசிக் காட்டு. ஏய், டிவிய நிறுத்துங்கடி, அக்கா பிரெஞ்சு பேசப் போவுது!"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குள் அது அப்படியே இருந்தது, தொட்டால் ஓடுகிற மாதிரி. போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ரயில் சந்திப்பிலிருந்து மல்லாட்டை மூட்டை வரை ஒரே ஓட்டமாகச் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். "தாயே, மூச்சு வுடலியே! வெள்ளைக்காரி தோத்தா போ," என்றார் சுமதியின் மாமியார். பேசியது எதைப் பற்றி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுடைய பக்கத்து ஊரைப் பற்றித்தான் பேசினேன். அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரிந்துகொள்ளக் கூடியவர்கள் காலையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்லவில்லை, ஒப்பித்தேன். போனின் மூலையில் சின்னதாக என் முகம் தெரிந்தது. வளவனூர்க்காரர்களின் சிரித்த முகங்களுக்குக் கீழே, கோட்டும் மப்ளரும் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

மறுநாள் நான் போகவில்லை. ஸ்டெல்லா தனியாகப் பேசித் தேறிவிட்டதாக மத்தியானம் போன் செய்தாள். விழுப்புரத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டார்களாம். அவளே பதில் சொன்னாளாம்.