பறியைக் கடித்த பற்கள்

என் பற்களுக்குக் கம்பி கட்டிய அன்று, பொன்னேரியிலிருந்து திரும்பிப் பழவேற்காட்டில் பேருந்தைவிட்டு இறங்கி, அக்காவும் நானும் ஒல்லாந்தர் கல்லறை வாசலைக் கடந்து நடந்துகொண்டிருந்தோம். அந்த வாசல் கல்லில் எலும்புக்கூடு ஒன்றைச் செதுக்கியிருப்பார்கள். அக்கா அதன் வாயைக் காட்டி, "இவனுக்கு யாரும் கம்பி கட்ல போலக்குது. எப்டி இளிக்கிறான் பாரு" என்றாள். சிரிக்க வாயைத் திறந்தேன். ஏரிக்காற்று நேராகப் பல்லில் பட்டு, கூச்சம் காதுவரை ஏறியது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. நான் சொல்வதற்குள் அக்கா தன் முந்தானையை இழுத்து என் வாயை மூடிவிட்டாள்.

எனக்கு மேற்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும், உதடு மூடாது. பள்ளியில் வைத்த பட்டப்பெயரை எழுத இன்றைக்கும் மனம் வரவில்லை. டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டவள், எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன். பள்ளியில் நடந்த முகாமுக்கு வந்த பல் டாக்டரம்மா, பொன்னேரியில் தன் கிளினிக்கில் இலவசமாகவே சரிசெய்து தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, கடிப்பது, இழுப்பது என்று பல்லுக்கு வேலை கொடுக்கக் கூடாது. அக்காவுக்கும் என்னுடைய வாய்தான். ஆனால் அம்மா போனபின் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஏரியில் இறால் தடவப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கு வந்த முகாம் அவள் கண்ணில் படவே இல்லை.

மாதம் ஒருமுறை கம்பியை இறுக்குவார்கள். அதற்குப்பின் மூன்று நாள், பல்லே இல்லாமல் பிறந்திருக்கலாம் என்று தோன்றும். சோறு பட்டாலும் கூசும், தண்ணீர் பட்டாலும் கூசும். அந்த நாட்களில் அக்கா தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, விரலை விட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். புளி சேர்க்காமல் எனக்கென்று தனிக் குழம்பு வைப்பாள். நண்டுக்காலை உடைத்துச் சதையை உதிர்த்து, கஞ்சியில் குழைத்து, "கடவாப் பக்கமா தள்ளிக்க. முன்னாடி வராம முழுங்கு" என்பாள். இதெல்லாம் டாக்டரம்மா சொல்லி அனுப்பியது என்றே நினைத்திருந்தேன்.

மார்கழி விடுமுறையில் ஒருநாள், வேண்டாம் என்று அக்கா தடுத்தும் கேட்காமல் அவளோடு ஏரிக்குப் போனேன். அவள் மட்டும் குளிரில் கிடப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. இறால் தடவுவதற்கு வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கைகளுக்கு வேலை இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில்தான் கடித்துக்கொள்வோம். அன்று நான் பறியைத் தோளில்தான் மாட்டியிருந்தேன். கால் பக்கத்தில் இறால் கூட்டமாகத் துள்ளியதும் இரண்டு கைகளும் சேற்றுக்குள் போயின. கயிறு எப்போது வாய்க்குள் போனது என்று எனக்கே தெரியாது. சிறு வயதிலிருந்து பழகிய வாய், கம்பியை மறந்துவிட்டது. பறி நிறைந்து கனத்ததும் கயிறு வெடுக்கென்று இழுத்தது. முன்பல்லில் கம்பி பிய்ந்து தொங்கியது. உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்ததும் என்னால் நிற்கவே முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா பார்த்தார். பல் ஆடிக்கொண்டிருந்தது. "இதுக்குத்தான் அவ்வளவு சொன்னேன். கேக்க முடியலன்னா இதோட நிறுத்திக்கலாம்" என்றார். அக்கா சட்டென்று, "அவ மேல தப்பு இல்ல டாக்டரம்மா. நான்தான் பறிய வாய்ல குட்த்தேன்" என்று பொய் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் திருத்தும் தைரியம் எனக்கு வரவில்லை, இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

டாக்டரம்மா அக்காவையே பார்த்தார். "நீ உக்காரு, வாயத் திற" என்றார். அவள் முன்பற்களில் கயிறு அறுத்த தடம், இரண்டு பற்களில் விரிசல். குழாயால் பல்லில் சும்மா கொஞ்சம் காற்றை அடித்துப் பார்த்தார். நாற்காலிக் கையை அக்கா பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன.

"இவ்ளோ கூச்சத்த வச்சிக்கிட்டு எப்படிம்மா தண்ணில கிடக்கிற?"

"கூசும். வூட்டுக்கு வந்து வெதுவெதுன்னு தண்ணி குட்ச்சா அடங்கிடும். புளி சேத்துக்க மாட்டேன். கடவாப் பக்கமா தின்னுக்குவேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வாயைத் தன் வாயைப்போல அவள் அறிந்திருந்தது எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உனக்கு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டாக்டரம்மா என் கம்பியை மறுபடியும் கட்டினார். அக்காவின் பற்களையும் காப்பாற்றிவிடலாம், ஆனால் சில மாதம் கயிற்றைக் கடிக்கக் கூடாது என்றார். "இந்த சீசன் முடியட்டும்" என்றாள் அக்கா. அதற்குப்பின் எத்தனையோ சீசன் வந்தன. நானும் கல்லூரி, வேலை என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஆரம்பாக்கத்தில் டீச்சராக இருக்கிறேன். வகுப்பில் வாய்விட்டு வாசிக்கிறேன், சிரிக்கிறேன். போன கோடையில் அக்கா வந்திருந்தாள். அவளுக்கு மேலே முன்பற்கள் நான்கும் இல்லை. வெயிலில் வந்தவளுக்கு வழக்கம்போல அடுப்பில் தண்ணீர் வைத்தேன். "அத்த அணச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அவளே பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தாள்.

"இப்ப கூசறதே இல்லடி" என்று, ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.