கண்ணைக் கட்டிக்கொண்டு பறித்த கொய்யாப்பழங்கள்

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், பத்து அறைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசிக் காம்பராவில் அக்கா பிறந்தார். ஓராண்டுக்கு முன் அதே காம்பராவிலிருந்துதான் அவரை எடுத்துச் சென்றோம். இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தார். திருமணமாகி இரண்டாம் ஆண்டில் மச்சான் இறந்தார். பிள்ளைகள் இல்லை. தம்பிகள் எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அக்காவின் உழைப்பு.

லயத்தின் பின்சரிவில் ஆறு கொய்யா மரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நானுஓயா ஸ்டேஷனில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு அக்கா வளர்த்தது. எந்த மரத்துப் பழம் வெள்ளை, எது சிவப்பு, எதன் விதை பல்லில் மாட்டும், எது மழைக்குச் சப்பென்று போகும் என்பதையெல்லாம் அவர் ஒப்புவிப்பார். தன் மரத்தைப் பற்றி மட்டும் குறையே சொல்லமாட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விவசாய ஆராய்ச்சி உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், லயத்தில் எல்லோருக்கும் ‘மிஸ்’. குளிர் மலைக்கு ஏற்ற, உயிர்ச்சத்து மிகுந்த கொய்யா இனம் ஒன்றை உருவாக்கத் தாய்மரம் தேடிக்கொண்டிருந்தார். ஆறு மரங்களுக்கும் இலக்கம் கட்டினார். பழங்கள் பருவத்துக்கு வந்ததும் மரத்துக்கு இருபது பழம் வீதம், நல்லது கெட்டது பாராமல் கைக்குப் பட்டதைப் பறித்து வைக்கும்படி அக்காவிடம் சொல்லிச் சென்றார்.

பழங்கள் ஆய்வுகூடத்துக்குப் போயின. அக்காவின் மரமே முதலிடம் என்று செய்தி வந்தது. அதன் கன்றுகள் திம்புள்ளப் பக்கமெல்லாம் போகும் என்று மிஸ் சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் பெயர் சொல்ல ஒன்று மிஞ்சும் என்று அன்று ஒரு முறை சொன்னார். பிறகு இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மிஸ்ஸோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்றார்.

“மிஸ், நான் பொறுக்கித்தான் குடுத்தேங்க. சின்னது, கோணலு, வெயிலு படாத பக்கத்துக் காயி எல்லாத்தையும் கை தள்ளிருச்சி. கொழுந்து எடுத்த கையிங்க, அதுக்கு வேற தெரியாது.”

“எல்லா மரத்திலயும் அப்பிடித்தான் பிடுங்கினீங்களோ?”

“எல்லாத்துலயும்தாங்க.”

கொழுந்து மலையில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். இளந்தளிர் கூடைக்குள் போகும். முற்றிய இலையை விரலே ஒதுக்கிவிடும். கங்காணி கூடையைக் கிளறினால் குற்றம் இருக்கக் கூடாது. நினைத்துச் செய்கிற காரியமல்ல அது. ஆனால் எல்லா மரத்திலும் சிறந்ததை மட்டும் எடுத்தால், சில அருமையான பழங்களும் பல மோசமான பழங்களும் காய்க்கிற மரம்தான் வெல்லும் என்று மிஸ் விளக்கினார். மறுபடி பறித்தால் முடிவு மாறலாம் என்றும் எச்சரித்தார். “மாறுனா மாறட்டுங்க” என்றார் அக்கா.

அடுத்த பருவத்தில் தலைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு பறித்தார். பக்கத்துக் காம்பரா செல்லம்மா மதினி கூடையைப் பிடித்தார். மரங்களில் ஒன்று அவருடையது, கழிவு வாய்க்கால் ஓரத்தில் நிற்பது.

“மதினி, கண்ணைக் கட்டியும் தடவித் தடவித்தானே பாக்குறீங்க. மொதத் தொட்டதைப் புடுங்குங்க” என்றார் செல்லம்மா மதினி.

“ஒன் மரத்துக்கு வருவேன்ல, அப்பத் தெரியும் ஒன் வாயி.”

முடிவு மாறியது. எல்லாவற்றிலும் இனிப்பான பழம் அக்காவின் மரத்திலேயே இருந்தது. எல்லாவற்றிலும் சப்பென்ற பழமும் அதே மரத்தில்தான். செல்லம்மா மதினியின் மரத்தில் அப்படி ஒரு பழமும் இல்லை. நடுத்தர அளவு, நடுத்தர இனிப்பு. ஆனால் இருபதும் ஒரே மாதிரி, உயிர்ச்சத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. அதுவே தாய்மரமாயிற்று.

அக்கா இதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகும். ஒரு வாரம் செல்லம்மா மதினியோடு பேசவில்லை. மதினி சங்கடப்பட்டு, இனத்துக்கு அக்காவின் பெயரையே போடும்படி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அக்கா வாய் திறந்தார்: “ஒன் மரம்டி அது. எம் பேரு எதுக்கு?” கோபமாகவே சொன்னார்.

பிடிவாதமும் கோபமும் அவரிடம் கடைசிவரை இருந்தன. வயிற்று நோய் முற்றிய பிறகும் வைத்தியசாலைக்குப் போக மறுத்துப் பல வாரங்களை வீணாக்கினார். முன்பே போயிருந்தால் இன்னும் சில மாதங்கள் கிடைத்திருக்கலாம்.

அந்த நாட்களில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிய செல்லம்மா மதினிக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மழையில் பாதை சறுக்கியபோதும் வான் வண்டியை லயத்து வாசல்வரை கொண்டுவந்த சாரதிக்கும், நுவரெலியா வைத்தியசாலையில் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த தோட்டத்து இளைஞர்களுக்கும், தன் வண்டியில் ஏற்றிக் கன்றுகளைக் கொண்டுவந்து சேர்த்த மிஸ்ஸுக்கும் எங்கள் நன்றி.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு கொய்யாக் கன்று தருகிறோம். அக்காவின் மரத்துக் கன்றே வேண்டும் என்று உறவினர் பலர் கேட்டார்கள். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. மன்னிக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது செல்லம்மா மதினியின் மரத்துக் கன்று.