மேசையில் கிடந்த சிப்பாய்

“...இந்தப் பெடியனை மட்டும் இப்பிடிக் கிடக்க விட்டிருக்கிறியளே, உங்களுக்கு என்னெண்டு மனம் வந்தது, மச்சான்?”

மன்னாரிலிருந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்திருந்த மச்சாள், என் மனைவியின் அக்கா, இப்படிக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ரஷ்யப் பனியில் நடந்த ஒரு சண்டையை, மேசைமேல் சின்னப் பலகையொன்றில் குட்டிப் பொம்மைகளை வைத்துச் செய்திருந்தேன். பேக்கிங் சோடாதான் பனி. அது பறக்காமலிருக்க ஃபானையும் நிற்பாட்டிவிட்டு, வியர்க்க வியர்க்க, செத்துக் கிடக்கும் சிப்பாயின் முகத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“இது பொம்மை, மச்சாள்! சண்டை எப்பிடியெண்டு சனம் பாக்கட்டுமெண்டுதான் இவ்வளவு பாடுபடுறன்!” என்று கத்தினேன்.

“எனக்கே சண்டையைக் காட்டப் போறியளோ?” அவரும் கத்தினார். “ஷெல்லடிக்குள்ள என்ர மனுசனை ரோட்டில விட்டிட்டு ஓடினனான். ஒரு பிடி மண் போடேலாமப் போச்சு!”

எங்கள் சவக்காலையில் யாரைப் புதைத்தாலும் ஆளுக்கொரு பிடி மண் போடாமல் யாரும் திரும்புவதில்லை. பேர்கூடத் தெரியாதவர்களுக்கெல்லாம் நான் போட்டிருக்கிறேன். மச்சாளின் மனுசனுக்கு யாருமே போடவில்லை. என் கோபம் இறங்கவில்லை. அது இப்போது மச்சாள் மேல் இல்லை, அவ்வளவுதான்.

மச்சாள் கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்கவுமில்லை. சோடாவில் ஒரு சிட்டிகை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அந்தச் சிப்பாயின் மேல் தூவினார்.