தட்டினால் பதில் சொன்ன சீலிங்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கட்டடப் பராமரிப்பு இன்ஜினியர். ஒழுகல், விரிசல், துருப்பிடித்த கம்பி, நான் பார்த்த பேய்கள் இவ்வளவுதான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா சீலிங்கையும் மூங்கில் கழியால் தட்டிப் பார்ப்போம். பூச்சு பிடிப்போடு இருந்தால் கணீரென்று கேட்கும், விட்டுப்போயிருந்தால் டொப்பென்று கேட்கும். டொப்பென்று கேட்டால் கீழே இருப்பவர்களை நகர்த்திவிட்டு உடைத்துப் பூச வேண்டியதுதான்.

போன வருஷம் ஒரு மத்தியானம், பெண்கள் விடுதியின் மாடி அறை. நீளமான அறை, நிறைய கட்டில்கள். வார்டன் பிலோமினா அம்மா கூடவே வந்தார். கதவுப் பக்கம் தட்டினேன், கணீர். ஜன்னல் மூலையிலும் கணீர்தான். ஆனால் கழியை இறக்கியதும் மேலேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். எத்தனை தட்டினேனோ அத்தனை. மறுபடி தட்டினேன், மறுபடி பதில். பிலோமினா அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே சார்."

மொட்டைமாடிக் கதவின் சாவி என் பாக்கெட்டில் இருந்தது. ஏறிப் போய்த் திறந்து பார்த்தால், முந்தின நாள் தூறலில் படிந்த சேறு கலையாமல் கிடக்கிறது, ஒரு காக்கை நடந்த தடம்கூட இல்லை.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் தொழிலில் சீலிங் சத்தம் கொடுத்தால் ஒரே அர்த்தம்தான், கீழே யாரும் இருக்கக் கூடாது. ஜன்னல் பக்கத்துக் கட்டில்களை எல்லாம் கதவுப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னேன். "நல்லாருக்கிற எடத்த ஏன் சார் மாத்தணும்?" என்று அந்த அம்மா முணுமுணுத்தார், நான் கேட்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு சீலிங் விழுந்தது. கதவுப் பக்கம். நகர்த்திப் போட்ட கட்டில்கள் மேலேயே. தலையணை மேல் கிடந்த காங்கிரீட் கட்டியைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் மூலையில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் யோசித்தேன். சத்தம் வந்தால் விலகு என்றுதான் எனக்குப் படிப்பு. ஒருவேளை அது, இங்கே உறுதியாக இருக்கிறது, பிள்ளைகளை இந்தப் பக்கம் கொண்டுவா என்று கூப்பிட்டிருந்தால்? இல்லை, அவர்களை அந்தப் பக்கம் தள்ளத்தான் தட்டியதா? இன்றுவரை தெரியவில்லை.

கதவுப் பக்கம் முழுக்க உடைத்துப் புதிதாகப் பூசினோம். இந்த வருஷம் மழைக்கு முன்னால் மறுபடி கழியோடு போனேன். ஜன்னல் மூலை சும்மா இருந்தது. புதுப் பூச்சைத் தட்டினேன், கணீர். கழியை இறக்கினேன். பதில் வந்தது.

பிள்ளைகள் கட்டில்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்தப் பக்கம் சார் போடட்டும்?" என்றார் பிலோமினா அம்மா.

அறையையே பூட்டச் சொல்லிவிட்டேன். நல்ல சீலிங்தானே, ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாவி என் பாக்கெட்டில்தான் இருக்கிறது.