பச்சையம்மாள் விட்டுவைத்த புல்

மலையில் தீ என்றால் ஊரே பதறும். ஆனால் தை மாதக் காலையில் அடிவாரப் புல்லில் புகை எழும்பினால் எங்கள் அடி அண்ணாமலையில் யாரும் பதறுவதில்லை. பச்சையம்மாள் அக்கா வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலையில் மரம் நடுகிறவர்களிடம் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறார். மழைக்காலத்தில் கன்று நடுவார், வெயில் காலத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார், தையில் நெருப்பு வைப்பார். மரம் வளர்க்கிற கை ஏன் நெருப்பு வைக்கிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. கிரிவலப் பாதையில் பூவும் கற்பூரமும் விற்கிறவள் நான். தினமும் என் கடையைத் தாண்டித்தான் அவர் மலைக்குப் போவார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

பங்குனியில் மலைப்புல் இடுப்பளவு காய்ந்து நிற்கும், ஒரு பொறி விழுந்தால் உச்சிவரை ஏறிவிடும் என்றார். அதற்கு முன்பே கன்றுகளைச் சுற்றி ஒரு பட்டை மாதிரி புல்லைக் கருக்கிவிட்டால், பெரிய தீ வந்தாலும் தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றுவிடுமாம். அந்தப் பட்டையையும் முழுதாக எரிக்க மாட்டார். இந்த வருஷம் உள்பாதி, அடுத்த வருஷம் வெளிப்பாதி. ஒரே இடத்தை வருஷா வருஷம் சுட்டால் புதரெல்லாம் செத்துப் புல்தான் ஜாஸ்தியாகும் என்பார்.

பனி உலர்ந்ததும் ஆரம்பித்து, காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுவார். தீயை மேல் விளிம்பில்தான் வைப்பார். கீழே வைத்தால் மேலே ஓடும், மேலே வைத்தால் மெதுவாக நடந்து இறங்கும். வைப்பதற்கு முன் நீளமான கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே ஒரு நடை போவார், ஓணானும் முயலும் விலகட்டும் என்று. பிறகு என் கடையில் வாங்கிய கற்பூரத்தை ஒரு கல்லில் ஏற்றி, அண்ணாமலையாரைக் கும்பிட்டு, அந்தச் சுடரிலிருந்துதான் புல்லுக்கு நெருப்பு எடுப்பார்.

என் வீட்டுக்காரர் குமரேசன் அவரைச் சும்மா விட மாட்டார். "கார்த்திகைக்கு மேல ஏத்துறாங்க, தைக்கு நீ கீழ ஏத்துற" என்பார்.

"மேல ஏத்துறத பாக்க ஊரே வருது. கீழ ஏத்துறத பாக்க முருகவேல் மட்டுந்தான் வராரு, அதுவும் திட்டுறதுக்கு" என்று அக்கா சொல்லிவிட்டுப் போவார். முருகவேல் என்பவர் அவருடைய மேஸ்திரி.

போன வருஷம் அந்தத் திட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. என் கடைக்கு நேர் மேலே அறுபது இலுப்பைக் கன்றுகள். மூன்று வருஷமாக அக்கா தண்ணீர் சுமந்து காப்பாற்றியவை. அதைச் சுற்றிப் பட்டை எரிக்கப் போனபோது, கோல் பட்ட இடத்திலிருந்து ஒரு கவுதாரி எழும்பிப் பறந்தது. விலக்கிப் பார்த்தால் ஏழு முட்டை. அந்த இடத்துப் புல்லை மட்டும் ஒரு அறை அளவுக்கு விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் எரித்துவிட்டு இறங்கிவிட்டார். ஏழு முட்டைக்காக அறுபது மரத்தை விடுவாயா என்று மேஸ்திரி கேட்டார். குஞ்சு போனதும் கையால் அறுத்துவிடுகிறேன் என்று அக்கா அவரிடம் வாக்குக் கொடுத்தார்.

மாசியில் குஞ்சுகள் போய்விட்டன. "மாசி பொறந்துட்டா நெருப்பு நம்ம பேச்ச கேக்காது, இனிமே அரிவாதான்" என்று சொல்லிக் கிளம்பினார். தண்ணீர் சுமக்கிற வேலைக்கு நடுவே இரண்டு நாளில் பாதிதான் அறுபட்டது.

மூன்றாம் நாள் காலை, வெளியூர்த் தம்பதி கற்பூரம் வாங்கினார்கள். மலை நன்றாகத் தெரிகிற இடம் எது என்று கேட்டார்கள். கொஞ்சம் மேலே இருந்த பாறையைக் கை காட்டியவள் நான்தான். அவர்கள் அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். காற்று வந்தது, பாறையோரப் புல் பற்றிக்கொண்டது.

அக்கா ஆவாரந்தழையை ஒடித்துக்கொண்டு ஓடினார். நான் சாக்கை நனைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கருகின பட்டை இருந்த இரண்டு பக்கமும் தீ வந்து முட்டி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அறுக்காமல் நின்ற புல் வழியாக மட்டும் உள்ளே நுழைந்தது. அடித்து அணைத்து முடிப்பதற்குள் பத்தொன்பது கன்று போய்விட்டது.

அக்கா சாம்பலில் உட்கார்ந்துவிட்டார். தன்னால்தான் என்று முனகினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "யக்கா, அந்தப் பாறைய காட்டுனது நான்தான்" என்றேன்.

அக்கா கையிலிருந்த தழையைக் கீழே போட்டார். "சாமி கும்பிட வரவங்கள வேணான்னு சொல்ல முடியுமா வள்ளி? ஏத்துறதுக்கு ஒரு எடம் வையி. நான் பாதிய அறுக்காம விட்டேன், நீ எடம் காட்டுன. ரெண்டு பேருக்கும் சரியா போச்சு."

மறுநாளே கடை வாசலில் ஓர் இரும்புத் தட்டில் மணல் பரப்பி வைத்தேன். மலையைப் பார்த்தபடி அதில்தான் இப்போது எல்லாரும் ஏற்றுகிறார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு, கருகின கன்றுகளில் பதினொன்று அடியிலிருந்து துளிர்த்தன. ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்து அக்கா என்னிடம் சொன்னார். மற்ற எட்டும் போனதுதான்.

இந்தத் தையில் வழக்கம்போலக் கற்பூரம் வாங்கிக்கொண்டு மேலே போனார். புகை எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கோலோடு இறங்கி வந்தார். கற்பூரம் அப்படியே கையில் இருந்தது.

"கவுதாரி மறுபடியும் அதே எடத்துகிட்ட, வெளிப்பாதியில உக்காந்திருக்கு, வள்ளி."

"இப்ப இன்னா பண்றது?"

"கூட்டுக்கிட்ட கொஞ்சம் வுட்டுட்டு, சுத்தி இன்னிக்கே அறுத்துடணும். பாக்கிய நாளைக்கு எரிச்சிக்கலாம். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். திட்டல, ஆளு இல்லன்னாரு." என் கடையை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு அரிவா இருந்தா சாயங்காலத்துக்குள்ள முடியும்."

கற்பூரத்தை வாங்கி மணல் தட்டில் வைத்து ஏற்றிக் கும்பிட்டேன். தட்டைப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அக்கா பின்னால் ஏறினேன்.